இந்த முகவரியில் வசிப்போர்

பிப்ரவரி 3, திங்கள்

புருஷன் மத்ரித்தில் வேலை பார்க்கும்போது நீங்கள் எதற்கு அல்கலாவில் குடியிருக்கிறீர்கள்? எதிர்வீட்டு மார்த்தா இன்று லிஃப்டில் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

மத்ரித்தில் நெரிசல், இங்கே அமைதி என்று அவர் சொல்வதைத்தான் சொன்னேன். மார்த்தா சிரித்துவிட்டாள். "அமைதியா? ஞாயிற்றுக்கிழமை மதியம் கயே மயோர் கடைத்தெருவுல நடந்து பாரு. தோள் இடிக்காம போக முடியாது." அவளும் தினமும் இங்கிருந்து நாற்பது நிமிடம் ரயிலில் போய் மத்ரித்தில் வேலை பார்க்கிறவள்தான். ஆனால் அவள் இந்த ஊரில் பிறந்தவள், சொந்த வீடு, மூன்று தெரு தள்ளித் தங்கை. "எங்களுக்குக் காரணம் இருக்கு. உங்களுக்கு என்ன இருக்கு?" என்றாள். நியாயமான கேள்வி. ஒரு செடி இந்த மண்ணில் ஏன் முளைத்திருக்கிறது என்று பாளையங்கோட்டைக் கல்லூரியில் பதினேழு ஆண்டுகள் மாணவிகளைக் குடைந்தவள் நான். ஸ்பெயினுக்கு வந்த நான்கு ஆண்டுகளில் இதை என்னிடமே கேட்டுக்கொள்ளவில்லை.

இன்று சான் பிளாஸ் திருநாள். இந்த நாளில் நாரைகள் திரும்பிவரும் என்று ஊரில் ஒரு சொலவடை. கோயில் மணிக்கூண்டு ஒவ்வொன்றிலும் ஒரு கட்டில் அகலத்துக்குக் கூடு. மார்த்தா அதைக் காட்டி, "பாரு, வந்துட்டாங்க" என்றாள். நான் பார்த்தவரை அவை போகவே இல்லை. ஊருக்கு வெளியே குப்பைக் கிடங்கில் குளிர்காலம் முழுக்கத் தீனி கிடைக்கிறது. பிறகு எதற்கு ஆப்பிரிக்கா? சொல்லவில்லை.

கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்தேன். அவர் வர எட்டரை ஆயிற்று. ரயில் தாமதம் என்றார்.

பிப்ரவரி 8, சனி

ஜெபசீலி வந்திருந்தாள். கூடவே மகள் ரெனிட்டா. ஜெபசீலி என்னிடம் எம்.எஸ்சி. படித்தவள். எங்களுக்கு முன்பே இந்த ஊருக்கு வந்து, பல்கலைக்கழகத்தில் பாசிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். இந்த இடம் அவளுக்குக் கிடைக்கப் பரிந்துரைக் கடிதம் எழுதியவள் நான். குழந்தை இத்தனை நாள் நாசரேத்தில் ஜெபசீலியின் அம்மாவிடம் வளர்ந்தது; ஜனவரியில்தான் அழைத்து வந்திருக்கிறாள். எட்டு வயது. கணவர் சவூதியில், தம்மாமில்; ஒத்துவரவில்லை என்று முன்பு ஒருமுறை சொன்னாள். நான் மேலே கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைக்கிறவள் நான்.

அவள் வந்தது ஓர் உதவிக்கு. இந்த நாட்டில் பத்ரோன் என்று ஒரு பதிவேடு உண்டு. யார் எந்த வீட்டில் வசிக்கிறார் என்று நகராட்சி எழுதி வைத்திருப்பது. அதில் பெயர் இல்லாவிட்டால் பள்ளிக்கூடம் இல்லை, மருத்துவ அட்டை இல்லை. ஜெபசீலி அறை எடுத்திருக்கும் வீட்டின் சொந்தக்காரர் பதிய விடமாட்டாராம்.

"உங்க அட்ரஸ்ல எங்க ரெண்டு பேரையும் பதிஞ்சுக்கட்டுமா மேம்? பேருக்குத்தான். வந்து தங்கவா போறோம்?"

"தங்கலன்னா அது பொய்யில்லையா ஜெபசீலி?"

"இங்க எல்லாரும் அப்படித்தான் மேம் செய்யுதாங்க."

"எல்லாரும் செய்யுததை நான் உங்க கிளாஸ்ல என்னைக்காவது காரணமா ஏத்துக்கிட்டிருக்கேனா?"

அவள் சிரிக்க முயன்றாள். முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் சோபாவில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ சொல்லுததும் சரிதான்" என்றார். அவர்கள் போனபின் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. குழந்தைக்கு முறுக்குக் கட்டிக் கொடுத்தனுப்பினேன்.

அந்தக் குழந்தை என்னை மேம் என்கிறது. அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூட, பக்கத்தில் போய் நிற்கிறது. கூச்சம் போல.

பிப்ரவரி 11, செவ்வாய்

ரயில் தாமதம். மார்த்தா ஆறே முக்காலுக்கே வந்து என் மாவுச் சல்லடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 14, வெள்ளி

என் வசிப்பிட அட்டை முடியப்போகிறது. அவருடைய மனைவி என்ற பெயரில்தான் எனக்கு இங்கே இருக்க அனுமதி. புதுப்பிக்க மார்ச் 18க்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். இருவரும் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். கேட்டிருக்கும் தாள்களில் பத்ரோன் சான்றும் ஒன்று. ஒரே வீட்டில் வசிக்கிறோம் என்பதற்கு.

"நான் வாங்கிட்டு வாரேன். நீ எதுக்கு அலையுத?" என்றார். சமையல் எரிவாயு ஆளுக்கு போன் செய்வதைக்கூட என்னிடம் தள்ளிவிடுகிறவர். பிரியமாகத்தான் இருந்தது.

முதலில் வந்த புதிதில் அந்தப் படிவத்தை நிரப்பியது நினைவு வந்தது. இந்த ஊர்க்காரர்களுக்கு ஆளுக்கு இரண்டு குடும்பப் பெயர்: அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று. நமக்குக் குடும்பப் பெயரே கிடையாது, அப்பாவின் பெயரைத்தான் பின்னால் போட்டுக்கொள்வோம் என்றால் புரியவைக்க முடிவதில்லை. என் மாமனார் சண்முகசுந்தரம் இறந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. இங்கே வங்கியிலிருந்து அவருக்குத்தான் கடிதம் வருகிறது: மரியாதைக்குரிய சண்முகசுந்தரம் அவர்களுக்கு. நானும் என் அப்பா பெயரிலேயே இருக்கிறேன். எங்கள் கதவுக்கு வெளியே இரண்டு பெயர்களையும் பார்க்கிற தபால்காரர், நாங்கள் அறை பகிர்ந்து வாடகைக்கு இருக்கும் அந்நியர்கள் என்று நினைத்தாராம். மார்த்தா சொன்னாள்.

பிப்ரவரி 20, வியாழன்

ஜெபசீலி போன் செய்தாள். ரெனிட்டாவுக்குப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. வீட்டுக்காரர் மனம் மாறினாராம். "கர்த்தர் வழி திறந்தாரு மேம்." கர்த்தர் எப்போதும் நான் மறுத்த பிறகுதான் திறக்கிறார் என்றேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கு நிம்மதி.

பிப்ரவரி 26, புதன்

சான்று இன்னும் வரவில்லை. கூட்டம், நேரமில்லை, கணினி வேலை செய்யவில்லை. மூன்று நாளுக்கு மூன்று காரணம். அந்த வீட்டில் பதிவாகியிருக்கும் யார் போனாலும் தருவார்கள் என்கிறாள் மார்த்தா. "அஞ்சு நிமிஷ வேலை. இதுக்குப் புருஷன் எதுக்கு?"

பிப்ரவரி 27, வியாழன்

பெரிய சதுக்கத்துக்குப் போனேன். நகராட்சியில் எனக்கு முன்னால் இருவர்தான். கணினி வேலை செய்தது.

கவுண்டரில் நரைத்த தாடிக்காரர். என் அட்டையை வாங்கித் தட்டினார். "நாலு பேருக்கும் சேர்த்து வேணுமா, உங்களுக்கு மட்டுமா?"

"எந்த நாலு பேர்?"

அவர் திரையை மறுபடி பார்த்தார். "உங்க வீட்டில இருக்கிற நாலு பேர்."

சேர்த்தே கொடுங்கள் என்றேன். முத்திரை குத்திக் கொடுத்தார். "நாலு பேருக்கு நாலு குடும்பப் பெயர். வாடகையைப் பகிர்ந்துக்கிறீங்க, நல்லதுதான்" என்றார். இங்கே படியெடுத்து வைக்கிறேன்:

1. இளஞ்சேரன் சண்முகசுந்தரம். 1972.
2. அருள்செல்வி ரத்தினசபாபதி. 1976.
3. ஜெபசீலி அந்தோணிமுத்து. 1991.
4. ரெனிட்டா இளஞ்சேரன். 2016.

கடைசி இருவரும் சேர்ந்த தேதி பிப்ரவரி 12. நான் மறுத்த நான்காம் நாள். வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில் இருப்பதால் அவர் கையெழுத்து போதும். ஆக, கர்த்தர் அவர்தான். என்னிடம் சொல்லாமல் செய்திருக்கிறார். பொய்யான அறிவிப்பு. கோபம் வருகிறது.

பிப்ரவரி 28, வெள்ளி

துணி துவைத்தேன். வெயில் இருந்தது. சந்தையில் கீரை மாதிரி ஒன்று கிடைத்தது, அசெல்கா. பருப்புப் போட்டுக் கடைந்தேன். காம்பு கசக்கவில்லை. அவர் இரண்டு தடவை போட்டுக்கொண்டார். ரயில் தாமதம் என்றார். சான்றை அகராதிக்குள் வைத்திருக்கிறேன்.

மார்ச் 1, சனி

நான்காவது வரியை வியாழக்கிழமை கவுண்டரிலேயே படித்துவிட்டேன். புரிந்ததை எழுதவில்லை, அவ்வளவுதான்.

தாடிக்காரருக்கு அது நான்கு வெவ்வேறு குடும்பம். இந்த ஊரில் யார் படித்தாலும் அப்படித்தான் தெரியும். நான்காவது வரியின் பின்பாதி அப்பா பெயர் என்று நம் ஊர்க்காரர் ஒருவர் படித்தால் மட்டும் தெரியும். பாஸ்போர்ட்டில் உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறார்கள். பாஸ்போர்ட்டில், பிறப்புச் சான்றில் உள்ளதை. ஜெபசீலி அதில் பொய் சொல்லவில்லை.

வேறு விளக்கம் இருக்கலாம் என்று தேடினேன். அதே பெயரில் இன்னொருவர், தம்மாமில். திராவிட இயக்கக் குடும்பத்தில் 1972இல் பிறந்த எத்தனையோ பேருக்கு இந்தப் பெயர் இருக்கும். ஒரு மணி நேரம் அதை நம்பிப் பார்த்தேன்.

2014இல் ஜெபசீலிக்குச் சென்னையில் பிஎச்.டி. இடம் கிடைத்தது. அவருக்கு அப்போது சென்னையில் வேலை. மாதம் இருமுறை பாளையங்கோட்டைக்கு வருவார். நான்தான் போன் செய்தேன். என் மாணவி வருகிறாள், ஊர் புதிது, நல்ல விடுதியாகப் பார்த்துக் கொடுங்கள் என்றேன். "உன் ஸ்டூடன்ட்டா, கேள்வி கேட்டே கொல்லுவாளே" என்றார். குழந்தை பிறந்தது ஜூன் 2016.

குழந்தைப் பேச்சை நாங்கள் 2009இல் முடித்துக்கொண்டோம். நமக்கு நாம் போதும் என்று அவர்தான் சொன்னார். ஆஸ்பத்திரி வாசலில், ஆட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டே.

மார்ச் 5, புதன்

மார்த்தாவிடம் விசாரித்தேன். எங்கள் ரயில் இந்த ஆண்டில் தாமதமாக வந்த நாட்கள் எத்தனை? அவள் யோசித்தாள். "மழை பெய்த அன்னைக்கு ஒரு தடவை." பிறகு, "உன் புருஷன் ஒரு ஸ்டேஷன் முன்னாடியே இறங்கிடுவாரே. காரை அங்க நிறுத்தியிருக்காரா?" என்றாள். எங்களிடம் கார் இல்லை. தெரியாது என்றேன்.

ஒரு ஸ்டேஷன் முன்னால் என்பது லா கரேனா. அதுவும் அல்கலாதான், ஊரின் மேற்கு ஓரம். மாலை ஐந்தே முக்காலுக்குப் போய் எதிர் நடைமேடையில் உட்கார்ந்தேன். ஆறு மணி ரயிலில் வந்து இறங்கினார். கையில் ஒரு பெரிய மஞ்சள் அட்டை. பள்ளிக்கூடத்தில் படம் ஒட்டச் சொல்வார்களே, அந்த மாதிரி. ரெனிட்டா படிக்கட்டிலிருந்து ஓடி வந்தாள். நம் வீட்டில் பக்கத்தில் போய் நிற்கிற குழந்தை, இங்கே ஓடுகிற ஓட்டத்திலேயே கூப்பிட்டது. கூப்பிட்ட சொல்லை இங்கே எழுத வேண்டியதில்லை.

அடுத்த ரயிலில் வீட்டுக்கு வந்து சாதம் வைத்தேன்.

மார்ச் 6, வியாழன்

பல் வலி. கிராம்பு.

மார்ச் 8, சனி

காலையில் அவர் வாரத்துக்கான சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். சான்றை மேசைமேல், சட்டைக் கையின் பக்கத்தில் வைத்தேன்.

"நான் எடுத்துட்டு வாரேன்னு சொன்னேம்லா."

"எடுத்தாச்சு."

படித்தார். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். சட்டை கருகிவிடக் கூடாதென்ற கவனம் அப்போதும் இருந்தது.

"வீட்டுக்காரன் ஒரே பிடியா நின்னுட்டான். புள்ளைக்கு ஸ்கூல் கிடைக்காது. வேற வழியில்ல அருளு."

"அது மூணாவது வரிக்குப் பதில். நாலாவது வரிக்கு?"

சட்டைக் காலரைக் கையால் நீவினார். பிறகு, "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றார்.

"என்னன்னு கேட்டிருக்கணும்? உங்களுக்குப் பிள்ளை இருக்கான்னா?"

"நீ எல்லாத்தையும் சந்தேகப்படுதவ. மருந்து டப்பாவுல எழுதியிருக்கதக்கூட ரெண்டு இடத்துல சரிபார்ப்ப. என்னை மட்டும் எதுக்கு நம்புன?"

நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரிக் கேட்டார். தவறு என் பக்கம் நடந்ததுபோலவும், அது எப்படி நடந்தது என்று இருவரும் உட்கார்ந்து கண்டுபிடிக்கலாம் என்பதுபோலவும்.

"நான் வாரதுக்கு முன்னாடி, மத்ரித்தை விட்டு இந்த ஊருக்கு எப்ப வந்தீங்க?"

"ரெண்டாயிரத்து இருபதுல."

"அவளுக்கு இங்க வேலை கிடைச்ச வருஷம்."

"ஆமா."

"எனக்கு அமைதின்னு சொன்னீங்க."

"அமைதியாத்தானே இருந்த" என்றார்.

மார்த்தாவின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அவர் அல்கலாவுக்கு வந்தது ஜெபசீலிக்காக. ஜெபசீலி வந்தது என் கடிதத்தால். அந்தக் கடிதம் எனக்கு இன்னும் மனப்பாடம். ஆய்வுத்திறன், ஆங்கிலம், உழைப்பு எல்லாம் எல்லா மாணவிகளுக்கும் எழுதுகிற வரிகள். 'மிக நேர்மையானவர்' என்பதை அவளுக்கு மட்டும் எழுதினேன்.

இஸ்திரியைத் தொடர்ந்தார். இரண்டாவது சட்டை முடிந்ததும் திரும்பாமலே சொன்னார். "பதினெட்டாம் தேதி வந்து கையெழுத்துப் போட்டுரு. உன் கார்டு வந்திரட்டும். பொறவு என்ன வேணாலும் பேசலாம். அந்த ரெண்டு பேரையும் எடுக்கச் சொல்லிராத. புள்ளைக்கு ஸ்கூல் போயிரும்."

என் கார்டை முதலில் சொன்னார். கேட்டது மற்றதை.

மார்ச் 9, ஞாயிறு

ஜெபசீலி வந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை. படிக்கட்டில் நின்று பேசினாள். மார்த்தாவின் கதவுக்குப் பின்னால் ரேடியோ ஓசை நின்றது.

"எத்தனையோ தடவை சொல்ல வாயெடுத்தேன் மேம்."

"எடுத்து?"

"நீங்க முறுக்குக் கட்டிக் கொடுத்துருவீங்க."

அவள் அழுதாள். எனக்கு வந்தது எரிச்சல்தான். "என்னை மேம்னு இனிக் கூப்பிடாத" என்றேன். "வேற எப்படிக் கூப்பிட?" என்றாள். இருபது வயதில் வகுப்பில் கேள்வி கேட்ட அதே முகம். கதவைச் சாத்தினேன்.

மதியம் உட்கார்ந்து ஸ்பானிய மொழியில் கடிதம் எழுதினேன். கீழ்க்காணும் இருவரும் மேற்படி முகவரியில் வசிக்கவில்லை. அவர்கள் பெயர்களை நீக்கக் கோருகிறேன். வினைச்சொற்களை அகராதியில் சரிபார்த்தேன். பிழை இல்லை. உண்மைக்குப் புறம்பாக ஒரு சொல்லும் இல்லை.

நாளை காலை ஒன்பதுக்கு நகராட்சி திறக்கும். கொடுக்கப்போகிறேன். பிறகு பதினெட்டாம் தேதி போய் என் அட்டையைப் புதுப்பிப்பேன். இந்த வீட்டிலிருந்து நான் எதற்குப் போக வேண்டும்?

மார்ச் 10, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அதே தாடிக்காரர். கடிதத்தை இரண்டு தடவை படித்தார். முறை என்ன என்று விளக்கினார். நகராட்சிக் காவலர் வீட்டுக்கு வருவார். எத்தனை கட்டில், எத்தனை பல் துலக்கும் பிரஷ் என்று பார்ப்பார். எதிர்வீட்டாரைக் கேட்பார். உறுதியானால் பெயரை நீக்குவார்கள், பள்ளிக்கும் தகவல் போகும்.

"குழந்தை எந்தப் பள்ளி?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மஞ்சள் அட்டை மட்டும் தெரியும்.

கட்டில்களை எண்ணுகிற காவலரை நினைத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் இரண்டு கட்டில். எட்டாம் தேதியிலிருந்து இரண்டும் கலைந்திருக்கின்றன. உங்கள் அட்டையில் மனைவி என்று எழுதியிருக்கிறதே, யார், எந்த அறை என்று கேட்டால் என்ன சொல்வேன்? பதினெட்டாம் தேதி இவருடன் ஒரே வீட்டில் வாழ்கிறேன் என்று கையெழுத்திட வேண்டும். ஜெபசீலியிடம் பொய்யில்லையா என்று கேட்டவள் நான்.

"கடிதத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்றேன். "நாட்டை விட்டுப் போகிறவர் தன் பெயரைத் தானே நீக்கிக்கொள்ளலாமா?"

"அதுக்குக் காவலர் வர வேண்டியதில்லை. ஒரு கையெழுத்து போதும். நாலு பேர்ல யார் போறது?"

"இரண்டாவது வரி" என்றேன். என் பெயர்.

அவர் என் முகத்தையும் அட்டையையும் பார்த்தார். கையெழுத்து போட்டேன். மூன்று நிமிடம் ஆயிற்று. மிச்சமிருப்பவர்களுக்குப் புதிய சான்று வேண்டுமா என்று கேட்டார். வாங்கினேன். மூன்று பெயர். சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடிக்கு அடியில் வைத்தேன்.

கல்லூரியில் என் இடத்தில் இப்போது வேறொருவர் இருக்கிறார். பாளையங்கோட்டையில் தங்கச்சி வீட்டு மாடியில் ஓர் அறை காலியாக இருக்கிறது. போன் செய்தேன். ஏன் என்று கேட்காமல், "எப்ப வார?" என்றாள். விமானம் புதன்கிழமை. அதுவரை மத்ரித்தில் அத்தோச்சா ஸ்டேஷன் அருகே ஒரு விடுதி.

ஒரு பெட்டி. மாவுச் சல்லடையை மார்த்தாவிடம் கொடுத்தேன். நேற்று கதவுக்குப் பின்னால் அவளுக்குத் தமிழ் புரிந்திருக்காது, ஆனாலும் கட்டிப்பிடித்துக்கொண்டாள். எனக்கு அதெல்லாம் பழக்கமில்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். "ஏன் இங்க வந்தோம்னு கேட்டியே, பதில் தெரிஞ்சுது" என்றேன். அவள் என்னவென்று கேட்கவில்லை. முன்பே தெரிந்திருக்கும் போல.

பிற்பகல் நான்கு பத்துக்கு ரயில். லா கரேனாவில் நின்றது, கதவு திறந்தது, மூடியது. அத்தோச்சாவுக்கு நான்கு ஐம்பது என்று போட்டிருந்தார்கள். இறங்கியதும் கடிகாரத்தைப் பார்த்தேன்.

நான்கு ஐம்பது.